செக்போஸ்ட் தாத்தாவை நாங்கள் கொன்ற கதை

கேமிங் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தைக்கும் எனக்கும் அவ்வளவு நெருக்கம் கிடையாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் வீடியோ கேம் கடை நடத்தியவள் நான். அத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அதிகம் வந்தது, "டேய், பட்டனப் பேத்துராத" என்பதுதான்.

எந்த ஒயரை எங்கே சொருகுவது, சூடான மெஷினை எப்படி ஆற வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது வேறு. ஒரு புதன்கிழமை கை தவறிச் செய்த தப்பு, வியாழக்கிழமை தெரிந்தே செய்த தப்பு, வெள்ளிக்கிழமை அதற்காக நான் முழித்த முழி. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் என் கடையில் நாலு டிவி, நாலு மெஷின். இருந்த கேம்களிலேயே ராஜா, 'மலைக்கோயில்' என்று நாங்கள் கூப்பிட்ட ஒன்று. அதன் நிஜப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டிஸ்க்கில் இருந்தது முழுக்க ஜப்பான் எழுத்து. பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தன், தோளில் ஒரு பை, கையில் ஒரு கத்தி. ஆற்றைக் கடப்பான், காட்டில் ஓநாய்களை வெட்டுவான், ஒரு பெரிய கேட்டைத் தாண்டுவான், பள்ளத்தாக்கில் பாறைக்குப் பாறை தாவுவான், கடைசியில் பனிமலை ஏறுவான். ஆரம்பக் காட்சியிலேயே மலை உச்சியில் கூம்பு வைத்த ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். அதைக் கோயில் என்று நாங்களே முடிவு செய்தோம். உள்ளே புதையல் இருக்கிறது என்பதையும் நாங்களே முடிவு செய்தோம். நடுநடுவே பெட்டி கட்டி எழுத்து வந்தால், பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

இந்தக் கேமுக்கு என் கடையில் இரண்டு பக்தர்கள். ஒருவர் போஸ்ட்மேன் கோவிந்தன் சார். தபால் பட்டுவாடா முடித்து, இரண்டு மணிக்குக் காக்கிச் சட்டையோடு வந்து உட்காருவார். ரிட்டையர்மெண்டுக்கு ஐந்தாறு வருஷம் இருந்த மனிதர். ஆனால் தாவுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது; பள்ளத்தாக்கு வந்தால் மற்றவர்கள்கூட அவரைத்தான் தாவித் தரச் சொல்வார்கள். திரையில் அந்தக் கூம்புக் கட்டடம் தெரியும்போதெல்லாம் ஆட்டம் ஆடும் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு நொடியில் ஓநாய் கடித்துக் கோட்டுக்காரன் செத்துப்போவான். அடுத்த தடவையும் சார் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் செய்வார்.

இன்னொருவர் செல்வராசு. வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரர், சிமெண்ட் லாரி டிரைவர். ஃபேக்டரியில் டோக்கன் போட்டால் லோடு ஏற்ற ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். மற்ற டிரைவர்கள் வண்டிக்கடியில் சீட்டாடும் நேரத்தில் இவர் என் கடைக்கு வந்துவிடுவார். வீட்டில் கயல்விழி என்று எட்டு வயது மகள். ஊருக்குப் போகும்போதெல்லாம், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் கோட்டுக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கதை சொல்ல வேண்டும். டிவியில் வரும் தொடரைவிட அந்த வீட்டில் இதற்குத்தான் மவுசு.

மெமரி கார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கார்டு. ஆட்டத்தில் யார் எதுவரை வந்திருக்கிறார்கள் என்பது அதில் பதிந்திருக்கும். எங்கள் கடைக்கு மொத்தமே ஒரு கார்டு. சேவ் பண்ணும்போது திரையில் வரிசையாகப் பெட்டிகள் வரும். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து. அதனால் ஒரு நோட்டில் நான் எண் போட்டு வைத்திருந்தேன். ஆறாவது பெட்டி கோவிந்தன் சார், ஏழாவது செல்வராசு.

ஒரு செவ்வாய்க்கிழமை செல்வராசு வந்து, வழக்கத்துக்கு விரோதமாக உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, சவுதிக்கு விசா வந்துட்டு. ஞாயித்துக்கெழம கெளம்புறேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் லோடு, அதான் கடைசி லோடு."

"அட, சந்தோசம்ப்பா. அப்ப கேமு?"

"பனிமல ஒண்ணுதான பாக்கி. அத வெள்ளிக்கெழமைக்குன்னு வச்சிருக்கேன். காலையிலயே வந்துர்றேன். கோயிலுக்குள்ள என்ன இருக்குன்னு கயலு கேட்டுக்கிட்டே இருக்கா. அதச் சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறணும்."

"முடியலன்னா நீயா ஒண்ணச் சொல்லிட்டுப் போயேன். புதையல் இருந்துச்சுன்னு சொல்லு."

செல்வராசு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வருசக்கணக்கா வூட்டுல இருக்கப் போறதில்லக்கா. போறப்ப பொய்யா சொல்லிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு, லாரி வரிசையில் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் கார்டில் இடம் பண்ணுவதற்காக, ஊரைவிட்டே போய்விட்ட ஒருவரின் பெட்டியை அழித்தேன். அது இரண்டாவது பெட்டி. அழித்ததும் கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. நோட்டில் எண்ணைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன், டீ வந்தது, டீயைக் குடித்தேன். இவ்வளவுதான் நடந்தது. பெரிய தப்புகளுக்கு முன்னால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, ஒரு டீதான் வருகிறது.

மத்தியானம் கோவிந்தன் சார் ஆட்டத்தில் அந்தப் பெரிய கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற நேரம், கரண்ட் போயிற்று. பழைய யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அது மூன்று நிமிஷம் தாங்கும், மனசு வைத்தால் நாலு. நாலு டிவியிலும் கூச்சல். கோவிந்தன் சார் வேலை போய்விட்ட மாதிரி கத்தினார். "ஏம்மா, சேவ் பண்ணும்மா! ஓநாய் பூரா வெட்டிட்டு வந்துருக்கேம்மா!" நான் ரிமோட்டைப் பிடுங்கி, ஆறாவது பெட்டி வரை எண்ணி, மேலே எழுதட்டுமா என்று அது ஜப்பான் பாஷையில் கேட்டதற்கு, எழுது எழுது என்று அழுத்தினேன். சேவ் ஆனது. டிவி அணைந்தது. அந்த இருட்டில் நோட்டைப் பார்த்தேன். இரண்டாவது பெயரை நான் அடிக்கவே இல்லை.

செல்வராசின் ஆட்டம், லோடுக்குக் காத்திருந்த நேரங்களில் ஆறு மாதமாக ஆடியது மொத்தமும், போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கோவிந்தன் சார் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கவனியுங்கள், தப்பு இது இல்லை. யு.பி.எஸ். கத்தும்போது யாருக்கும் கை தவறும். அடுத்து நான் எடுத்த முடிவுதான் தப்பு. செல்வராசு படுத்திருந்த லாரி வரிசை என் கடையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அங்கே போகாமல், மறுநாள் காலை கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன்.

பெரம்பலூரில் எனக்குப் போட்டியாக ஒரு பாய் கடை வைத்திருந்தார். அவரிடமும் 'மலைக்கோயில்' உண்டு. பனிமலை ஆரம்பத்தில் சேவ் ஆன ஆட்டம் ஒன்று அவர் கார்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை என் கார்டில் ஏற்றி வைத்துவிட்டால், செல்வராசுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. அதே கோட்டு, அதே பனி. இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

பாய் சிரித்துக்கொண்டே காப்பி பண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மனுசன்கிட்ட சொல்லிருங்க. இது வேற ஆளு ஆடுன ஆட்டம்" என்றார்.

"ஆட்டம் ஆட்டந்தான பாய்?"

"உங்க இஷ்டம். இன்னொண்ணு. எங்க கடையில எல்லாரும் மலை ஏறி கோயில் வாசல் வரைக்கும் போயிட்டாங்க. கதவு தொறக்க மாட்டேங்குது. எட்டு மாசமா முட்டிக்கிட்டு நிக்கிறோம். டிஸ்க்குல கீறல் போல."

இதைக் கேட்டு நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன். கதவு திறக்கவில்லை என்றால் பழி டிஸ்க் மேல் போகும், என் மேல் வராது. புத்தி எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு செல்வராசு வந்தார். அவர் முடிப்பதைப் பார்க்கவென்றே கோவிந்தன் சார் லீவு போட்டிருந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பெரம்பலூர் ஆட்டத்தை ஏற்றினேன். பனிமலை அடிவாரத்தில் கோட்டுக்காரன் நின்றான். சந்தேகமே வராது.

செல்வராசு மலை ஏறவில்லை. கோட்டுக்காரனைத் திருப்பி, வந்த வழியே நடக்க வைத்தார்.

"எங்கப்பா திரும்பிப் போற?"

"தாத்தாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்க்கா. ஒவ்வொரு தடவையும் போய்ப் பாப்பேன். தாத்தா நல்லாருக்காருன்னு சொன்னாத்தான் கயலு மேக்கொண்டு கதை கேப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தத் தாத்தா? பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்டுக்கு வந்தார். கேட்டோரம் ஒரு முக்காலி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தொப்பி கவிழ்ந்து கிடந்தது.

செல்வராசு ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "அக்கா, தாத்தா எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தக் கேட்டில் ஒரு கிழட்டுக் காவல்காரர் உட்கார்ந்திருப்பார். நாம் போனதும் எழுந்து, இடுப்புக்குக் கையைக் கொண்டுபோவார். கத்தி உருவுகிறார் என்று நாங்கள் எல்லோரும் முந்திக்கொண்டு ஒரே வெட்டு. கிழவர் விழுவார், கேட்டை ஏறிக் குதித்துப் போவோம். என் கடையில் ஒருவர் விடாமல் அப்படித்தான். பெரம்பலூரிலும் அப்படித்தான். செல்வராசு மட்டும் அவரை வெட்டவே இல்லை.

"டிஸ்க்குல கீறல் தம்பி" என்றேன்.

கோவிந்தன் சார் இருமினார். அந்த இருமலிலேயே சத்தியம் போய்விட்டது. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. யு.பி.எஸ்., இரண்டாவது பெட்டி, டீ, பெரம்பலூர் பஸ், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

செல்வராசு திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புதங்கெழமையே சொல்லியிருக்கலாம்லக்கா? ரெண்டு நாளா லாரிக்கு அடியில சும்மாதான படுத்துக் கெடந்தேன். மொதல்லேருந்தே ஆடி முடிச்சிருப்பேனே."

இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவும் எழுதுகிறேன். தப்பை நான் மறைத்தது என் மானத்தைக் காப்பாற்ற. அதில் செலவானது அவருடைய இரண்டு நாள். வாடிக்கையாளரிடம் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கூச்சமோ அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சரிபண்ண வேண்டிய நேரம் உங்கள் கையில் இல்லை, அவர் கையில் இருக்கிறது.

மணி பதினொன்று. ஐந்து மணிக்கு லாரி உள்ளே போக வேண்டும். அப்போது கோவிந்தன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "ஏய்யா, என்னோடது கேட்டுக்கு முன்னாடிதான நிக்குது. தாத்தா இன்னும் உசுரோடதான் இருக்காரு. எடுத்துக்கய்யா." ஓநாய்களை வெட்ட அவருக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த மனிதரின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தார்.

ஏற்றினோம். காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செல்வராசு கோட்டுக்காரனை அவர் முன்னால் நிறுத்திவிட்டு, ரிமோட்டை முழங்காலில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"செக்போஸ்ட்டுக்கா இது. எறங்கணும், நிக்கணும், வாயத் தொறக்கக் கூடாது. நாம அவசரப்பட்டா அவங்க மெதுவாவாங்க."

கிழவர் எழுந்தார். இடுப்பைத் தடவினார். கோவிந்தன் சாரின் விரல் தானாகத் துடித்தது, அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். கிழவர் மறுபக்க இடுப்பைத் தடவினார். முக்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மறுபடி இடுப்பு. எழுத்துப் பெட்டி வந்தது, யாரும் தொடவில்லை. தானாகவே போயிற்று. ஒரு டீ ஆறுகிற நேரம். பிறகு தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து ஏதோ எடுத்து, கேட்டைத் திறந்துவிட்டார்.

"சாவியத் தேடுனாருக்கா. பாவம், வயசாயிட்டுல்ல" என்றார் செல்வராசு.

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். யாரும் சாகவில்லை, அதற்குத்தான் கத்துகிறோம் என்றேன்.

பள்ளத்தாக்கில் ரிமோட் கோவிந்தன் சாரிடம் போயிற்று. உடம்பையும் சேர்த்துத் தாவினார், இரண்டு தடவை நாற்காலி சாய்ந்தது. இரண்டு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் ரிமோட்டைத் தொடவில்லை. "எந்தப் பெட்டின்னு நீயே பாத்து, உன் கையால அழுத்துப்பா" என்றேன். அன்றிலிருந்து கடை மூடும் நாள் வரை அதுதான் சட்டம். அவரவர் ஆட்டத்தை அவரவர்தான் சேவ் பண்ண வேண்டும், வீடே பற்றி எரிந்தாலும் சரி.

கரண்ட் மூன்றரைக்கு வந்தது. பனிமலையை ஒரே மூச்சில் ஏறினார் செல்வராசு. நாலரைக்குக் கூம்புக் கட்டடத்தின் வாசல். கோவிந்தன் சார் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கதவு மூடியிருந்தது. செல்வராசு தட்டினார், தள்ளினார், வெட்டினார். அசையவில்லை.

"கீறல்தான் போல" என்றார் கோவிந்தன் சார், இந்தத் தடவை நிஜமாகவே.

செல்வராசு ரிமோட்டை வைத்தார். கையைக் கட்டினார். லாரிக்கு அரை மணி நேரம் இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் பனி பெய்துகொண்டே இருந்தது. அப்போது அடியில், கீழே இருட்டில், சின்னதாக ஒரு வெளிச்சம். அது அசைந்தது. மேலே ஏறி வந்தது. கையில் லாந்தர் விளக்கோடு செக்போஸ்ட் தாத்தா வந்துகொண்டிருந்தார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே அழுதேன். கிழவர் வந்து, இரண்டு பக்க இடுப்பையும் தடவி, தொப்பியைக் கழற்றிச் சாவி எடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே புதையல் இல்லை, சாமி இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கட்டில், இரண்டு முக்காலி.

"அட, தாத்தா வூடு!" என்று கத்தினார் செல்வராசு.

இத்தனை நாள் ஒருவரின் சமையற்கட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கோவிந்தன் சாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரையில் கோட்டுக்காரன் தன் பையிலிருந்து வெள்ளையாக ஏதோ எடுத்துக் கிழவரிடம் கொடுத்தான். "பில்லு. செக்போஸ்ட்ல பில்லக் காட்டணும்ல" என்றார் செல்வராசு. அதற்குப் பிறகு ஜப்பான் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. கடைசிப் பெயர் வரை நின்றே பார்த்தோம்.

மறுநாள் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லலாம். கேட்டில் அவ்வளவு பொறுமையாக நின்ற மனிதருக்கு இதற்குப் பொறுக்கவில்லை. பூத்துக்கு ஓடி, பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, கயலை வரவழைத்து, "பாப்பா, தாத்தாதான் கதவத் தொறந்தாரு! அது அவரு வூடு பாப்பா!" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் போன பிறகு அதே போனில் பெரம்பலூரைக் கூப்பிட்டேன். "பாய், டிஸ்க்குல கீறல் இல்ல. நம்ம கடை ஆளுங்க பூரா கொலகாரனுங்க."

ஐந்து வருஷம் கழித்து, நான் கடையை மூட முடிவு செய்த மாதத்தில் செல்வராசு வந்தார். கொஞ்சம் தொப்பை, கூடவே பதிமூன்று வயதுக் கயல்விழி. பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று, சவுதியிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுவந்திருந்தார். 'மலைக்கோயில்'தான், ஆனால் இங்கிலீஷில். கோவிந்தன் சாருக்குச் சொல்லி அனுப்பினேன். ரிட்டையர் ஆகியும் காக்கிப் பேண்டிலேயே வந்தார்.

போட்டதும் கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இதுக்கா போன்ல அப்புடிக் கத்துன? இந்தாளுக்கு வெரலே இல்ல!"

நிஜமாகவே இல்லை. பார்த்தால் மண்வெட்டி மாதிரி இரண்டு கை. முகத்தில் நாலு கோணம், மூக்கு அதில் வரைந்த ஒரு கோடு. பனி என்று நாங்கள் மலைத்துப் பார்த்தது ஈரம் கோர்த்த கல்லுப்பு. பட்டனை அழுத்தினால், யோசித்துவிட்டுத்தான் தாவுகிறான். முக்கியமான சமயத்தில் படம் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. ஓநாய் வந்ததும் நான் பழைய பயத்தில் காலைத் தூக்கிக்கொண்டேன். அது ஓநாயே இல்லை, நாலு கால் வைத்த ஒரு பெஞ்சு. புது மெஷின்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாமே கிழடு தட்டிப் போயிருந்தது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

கேட்டு வந்தது. செல்வராசு கையைக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு இடம் மட்டும் கொஞ்சமும் பழசாகவில்லை. கிழவர் எழுந்து இடுப்பைத் தடவியபோது கடை அப்படியே அடங்கியது. எழுத்துப் பெட்டி வந்தது. கயல் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க... சாவிய எங்க வச்சேன்னு தெரியல... அப்புடின்னு சொல்றாருப்பா."

"நான் அன்னைக்கே சொல்லல?" என்றார் செல்வராசு.

இத்தனை வருஷமாகப் பொறு பொறு என்று கெஞ்சிய மனிதரைத்தான் இரண்டு ஊர் சேர்ந்து வெட்டியிருக்கிறோம். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னிடம் இருக்கும் இரண்டாவது புத்திமதி இதுதான். எதிரில் இருப்பவர் சொல்வது புரியாதபோது, முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டன் எங்கும் போய்விடாது.

மலை ஏறி, விளக்கு வந்து, கதவு திறந்து, வீட்டுக்குள் போனோம். கோட்டுக்காரன் பையிலிருந்து அந்த வெள்ளையை எடுத்தான். "பில்லு" என்றார் செல்வராசு.

"பில்லு இல்லப்பா, லெட்டர்" என்றாள் கயல். "இவரு போஸ்ட்மேனாம். இந்தத் தாத்தாவுக்கு வந்த லெட்டரக் குடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்துருக்காரு."

கோவிந்தன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்னது?"

"ஆமா தாத்தா, போஸ்ட்மேன்தான். பாருங்க, பை மாட்டிருக்காருல்ல."

"முப்பது வருசம் அதே பையத்தான மாட்டுனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர். "தபால் யாருக்கோ அவரையே வழியில வெட்டிப் போட்டுட்டு, அவரு வூட்டு வாசல்ல போயி நின்னு கதவத் தட்டிருக்கமே! எந்த ஊரு டிப்பார்ட்மெண்ட்டுலம்மா இது நடக்கும்?"

பெரம்பலூர் பாய்க்கு இதை யார் போன் பண்ணிச் சொல்வது என்று எங்களுக்குள் அடிதடியே நடந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, கயல் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் கடிதத்தைப் பிரித்திருந்தார்.

"என்ன பாப்பா எழுதியிருக்கு?"

"தூர ஊருலேர்ந்து அவரு மகன் எழுதியிருக்காரு. அடுத்த மாசம் வந்துர்றேன், நீங்க வாசல்ல உக்காந்து காத்துட்டு இருக்காதீங்கன்னு." அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன் லெட்டரு மாதிரியே இருக்குப்பா. எப்பப் பாரு, அடுத்த மாசந்தான்."

செல்வராசு அவள் தலையில் கையை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

கோவிந்தன் சார் காக்கிப் பேண்டைச் சரிபண்ணிக்கொண்டு, டிவிக்கு நேராகப் போய் நின்று, விரல் இல்லாத அந்தக் கிழவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, தபாலு கொஞ்சம் லேட்டாயிட்டுங்க. மனசுல வச்சுக்காதீங்க."